வங்காலையில் பூநாரை பார்க்கப் போகிறோம்: "பறக்கும் படம் நிச்சயம்" என்கிறார்கள், நம்பலாமா?

கடற்கரைவீதி_வாசி எழுதியது:

வணக்கம். தைப்பொங்கல் முடிந்து வரும் போயா விடுமுறையை ஒட்டி மூன்று நாள் கிடைப்பதால், அப்பாவையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வெள்ளவத்தையிலிருந்து மன்னாருக்குச் சென்று, வங்காலைச் சரணாலயத்தில் பூநாரைகளைப் பார்த்து வரலாம் என்று இருக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது. முழங்கால் நோவு உண்டு. கண் பார்வை மட்டும் என்னுடையதை விடத் தெளிவு. மூத்தவனுக்குப் பன்னிரண்டு, இளையவளுக்கு எட்டு.

ஒரு பயண ஏற்பாட்டாளரிடம் விசாரித்தபோது, வான் வண்டி, தங்குமிடம், வழிகாட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகையைச் சொன்னதோடு, "பறக்கும் பூநாரைப் படம் நிச்சயம்" என்றும் எழுதி அனுப்பினார்கள். காட்டுப் பறவை எப்போது பறக்கும் என்று முன்கூட்டியே எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டேன். "அதை எங்கள் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று பதில் வந்தது. அந்தப் பதில்தான் என்னை இங்கே எழுத வைத்தது. அந்தப் பையன்கள் எதைப் பார்த்துக்கொள்வார்கள் என்பதை அறிந்தவர்கள் சொல்லுங்கள். தனியாகப் போவதென்றால் எப்படிப் போவது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

தள்ளாடிச்சந்தி எழுதியது:

தங்கச்சி, நான் பிறந்தது மன்னாரில், பிழைப்பது கொட்டாஞ்சேனையில். உங்கள் சந்தேகம் சரியானதுதான். ஒரு பையன் சேற்றில் இறங்கிக் கூட்டத்தை நோக்கி நடப்பான், அல்லது கரையில் நின்று கைதட்டிக் கத்துவான், அல்லது மோட்டார் சைக்கிளை விளிம்பு வரை ஓட்டிக்கொண்டுபோய் ஹோர்ன் அடிப்பான். கூட்டம் எழும். கமராக்கள் பொரிந்து தள்ளும். பார்த்துக்கொள்வது என்பது இதுதான்.

பூநாரை ஏன் பறந்தே ஆகவேண்டும் என்று கேட்டால் அதற்கு ஒரு காரணம் உண்டு. படங்களில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இளஞ்சிவப்பை எதிர்பார்த்து வருகிறார்கள். ஆனால் நமக்கு வருவது பெரும் பூநாரை. நீரில் நிற்கும்போது அது ஏறக்குறைய வெள்ளையாகத்தான் தெரியும். அதன் செந்நிறம் முழுவதும் சிறகின் மேற்பகுதியில் மடிந்து கிடக்கிறது. விரித்தால்தான் அந்தச் சிவப்பும் அதன் ஓரத்திலுள்ள கறுப்பும் வெளியே வரும். ஆகவே காசு கொடுத்து வந்தவருக்கு நிறத்தைக் காட்ட வேண்டுமானால் பறவையைக் கிளப்ப வேண்டும் என்ற கணக்கு பிறந்துவிட்டது.

அந்தக் கணக்கில் பறவையின் செலவு வரவில்லை. பூநாரை இருந்த இடத்திலிருந்து சட்டென்று மேலெழும் பறவை அல்ல. நீர்மேல் பல அடி ஓடித்தான் எழ முடியும். அது உண்பதோ மிகச் சிறிய உயிர்களை: தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நாக்கால் நீரை உள்ளிழுத்துத் தள்ளி, அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் போன்ற பகுதியால் கூனியையும் புழுவையும் பாசியையும் வடிகட்டி எடுக்கிறது. வயிறு நிரம்ப மணிக்கணக்காக இதையே செய்ய வேண்டும். ஒரு நாளில் நான்கு வான்கள் வந்து நான்கு தடவை கிளப்பினால் அந்தப் பறவைக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சிவப்பும் இந்தத் தீனியிலிருந்து வருவதுதான். குஞ்சுப் பருவத்தில் அவை சாம்பலும் மண்ணிறமுமாகவே இருக்கும்.

இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வங்காலைச் சரணாலயம் 4,839 ஹெக்டெயார். 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010இல் இலங்கையின் நான்காவது ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, சேர்க்கப்பட்டது. பெருநிலத்தையும் மன்னார்த் தீவையும் இணைக்கும் தாம்போதியில் போகும் ஏ-14 வீதி இதனூடாகவே செல்வதால், சரணாலயத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. மன்னாருக்குப் போகும் எவரும் அதற்குள்தான் போகிறார்கள். உவர்ச்சேறு, உமரிச் செடி படர்ந்த வெளி, ஆழமில்லாத கடல்நீர், ஓரிரு இடங்களில் கண்டல். மரங்கள் அடர்ந்த காட்டை எதிர்பார்த்து வருகிறவர்கள் "இங்கே ஒன்றுமே இல்லையே" என்று திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

பூநாரை எந்த நாளில் எங்கே நிற்கும் என்பது நீரைப் பொறுத்தது. மழை முடிந்த கையோடு நீர் கூடுதலாக இருந்தால் அவை தள்ளிப் போய்விடும். தை கடைசியிலிருந்து மாசி வரை நீர் வற்றத் தொடங்கும்போது கரையோரம் கிட்ட வரும். நீங்கள் போகும் நாட்கள் சற்று முந்தியவைதான், ஆனாலும் வாய்ப்பு உண்டு.

நுகேகொட_நடையன் எழுதியது:

அனுமதிச்சீட்டு எங்கே எடுப்பது? வில்பத்து போல வாயில் ஏதும் இருக்கிறதா?

தள்ளாடிச்சந்தி எழுதியது:

வாயிலும் இல்லை, சீட்டும் இல்லை. வில்பத்து தேசியப் பூங்கா. அங்கே அனுமதியின்றி நுழைய முடியாது. இது சரணாலயம். நமது வனசீவராசிகள் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம், மக்கள் தங்கள் வழமையான தொழிலையும் செய்யலாம். விலங்குக்கும் பறவைக்கும் தீங்கு செய்யத்தான் முடியாது. வீச்சுவலையோடு நிற்கும் மனிதரும் மாடு மேய்க்கும் பையனும் அங்கே இருப்பது அத்துமீறல் அல்ல. கொழும்பிலிருந்து வரும் சிலர் அவர்களைப் படத்திலிருந்து விலகி நிற்கச் சொல்கிறார்கள், அதுதான் எனக்குப் பொறுக்காது. ட்ரோன் வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி அதைப் பறக்கவிட முடியாது.

வான்காரர்_77 எழுதியது:

நான் கொழும்பிலிருந்து வடக்குக்கும் வடமேற்குக்கும் பயணம் ஒழுங்குசெய்து கொடுப்பவன். மேலே சொல்லப்பட்டவர் நான் அல்லன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஆனால் தொழிலின் பக்கத்தையும் ஒருவர் எழுத வேண்டும்.

ஒருவர் கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் வந்து, இரண்டு இரவு அறை எடுத்து, கடைசியில் தொலைவில் ஒரு வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போனால், அடுத்த நாளே முகநூலில் என்னைத் திட்டி எழுதுகிறார். "யால போனோம், சிறுத்தை பார்த்தோம், மன்னார் போனோம், வெயிலைப் பார்த்தோம்" என்று ஒருவர் எழுதியதை நான் இன்னும் மறக்கவில்லை. வாடிக்கையாளர் கேட்பதை நான் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரன் கொடுப்பான். எங்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமா? படத்தை விரும்பி "லைக்" போடுகிறவர்களுக்கும் இதில் பங்கு இல்லையா?

மன்னாரில் இப்போதுதான் நான்கு விடுதிகள் பிழைக்கின்றன. போர்க்காலத்தில் முடங்கிய ஊருக்குப் பயணிகள் வரவேண்டாம் என்று சொல்வதாகவும் இது முடிந்துவிடக் கூடாது.

கமராக்கிறுக்கன் எழுதியது:

வான்காரர் அண்ணா கேட்ட கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

மூன்று வருடங்களுக்கு முன் மாசி மாதம், ஐந்து பேர் ஒரு வானில் போனோம். காலை ஏழு மணி இருக்கும். கூட்டம் ஏறக்குறைய இருநூறு பறவை. தலைகள் எல்லாம் நீருக்குள்; கழுத்துகள் மட்டும் கொக்கி போல வளைந்து தெரிந்தன. காற்று எங்கள் பக்கம் வீசியதால் அவை எழுப்பும் தாராச் சத்தம் போன்ற ஓசை விட்டுவிட்டுக் கேட்டது. வழிகாட்டி எங்களைப் பார்த்து "ரெடியா?" என்றார். நாங்கள் "ரெடி" என்றோம். அவர் கைதட்டினார். முதலில் தலைகள் மட்டும் நிமிர்ந்தன, எல்லாம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கின. இரண்டாவது தடவை தட்டியதும் ஓடின. பிறகு எழுந்தன. உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் நான் வாயைப் பிளந்து நின்றேன். அவ்வளவு சிவப்பு எங்கே ஒளிந்திருந்தது என்று தோன்றியது. நானூறு படங்கள் எடுத்தேன்.

பிறகு நடந்ததை யாரும் படத்தில் போடுவதில்லை. கூட்டம் கடல் பக்கமாக ஒரு வட்டம் போட்டு, மிகவும் தள்ளி, ஆழமான நீரில் இறங்கியது. அங்கே அவை தீனி எடுக்கவில்லை, சும்மா நின்றன. நாங்கள் பாணும் சம்பலும் சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம் காத்திருந்தும் அவை திரும்பி வரவில்லை. கூடவே பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஊசிவால் வாத்துகளும் கருவால் மூக்கன்களும் எழுந்து போயிருந்தன. அவற்றை நாங்கள் கவனிக்கவேயில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த வானில் ஒரு வயதான தம்பதி இறங்கினார்கள். வெறும் சேறு. "எங்கே தம்பி பறவைகள்?" என்று அந்த அம்மா கேட்டார். நான் கையை நீட்டித் தொலைவைக் காட்டினேன்.

அந்த நானூறில் ஒன்றைப் போட்டிக்கு அனுப்பினேன். வனவிலங்குப் படங்களைப் பார்த்துப் பழகிய நடுவர் ஒருவர், "எல்லாப் பறவையும் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகின்றனவே" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பழைய_விலங்கியல் எழுதியது:

தெஹிவளையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். துரத்துவதை மட்டும் பேசிக்கொண்டிருப்பதால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பூநாரை ஓரிடத்தைக் கைவிடுவதற்குக் கைதட்டல் கூடத் தேவையில்லை, நீரின் உப்பு மாறினாலே போதும்.

என் இளமையில் பூநாரை பார்க்க வேண்டுமென்றால் அம்பாந்தோட்டைப் பக்கம் பூந்தலைக்குத்தான் போவோம். 1990இல் இலங்கையின் முதலாவது ராம்சார் தலமாகப் பதிவானது அதுதான். அங்கே மலல, எம்பிலிகல என்று இரண்டு களப்புகள் உண்டு. கிரிந்தி ஓயா நீர்ப்பாசனத் திட்டத்துக்குப் பிறகு வயல்களிலிருந்து வடியும் நன்னீர் அந்தக் களப்புகளில் சேர்ந்தது. உவர் குறைந்தது, உவரில் வாழும் சின்னஞ்சிறு உயிர்கள் குறைந்தன, அவற்றை நம்பியிருந்த பூநாரைகளும் வராமற் போயின. வயலுக்கு நீர் விட்டது குற்றமும் அல்ல, அதைச் செய்தவர்கள் பறவையின் எதிரிகளும் அல்லர். ஆனாலும் விளைவு அதுதான். இன்று தெற்கிலிருந்தும் பூநாரை பார்க்க மன்னாருக்கே வருகிறார்கள் என்பதால், மிஞ்சியிருக்கும் சேற்றின் மதிப்பு கூடிவிட்டது.

தங்கைக்கு இன்னொரு ஆலோசனை. பிள்ளைகளை நேரே மன்னாருக்குக் கொண்டுபோகாமல், முதலில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தலங்கமக் குளத்துக்கும் பெத்தகானை ஈரநிலப் பூங்காவுக்கும் கூட்டிச் செல்லுங்கள். 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தை உலகில் முதன்முதலாகப் பெற்ற பதினெட்டு நகரங்களில் நமது கொழும்பும் ஒன்று. பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் நீலத் தாழைக்கோழியும் நீளவால் இலைக்கோழியும் இருக்கின்றன. தொலைநோக்கியை எப்படிப் பிடிப்பது, கண்ணுக்கு எப்படிச் சரிசெய்வது, பேசாமல் இருபது நிமிடம் இருப்பது எப்படி என்பதை அங்கே பழகிக்கொள்ளட்டும். தாம்போதியில் வாடைக்காற்று அடிக்கும்போது இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க முடியாது.

நுகேகொட_நடையன் எழுதியது:

காற்றாலைகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. பறவையை நாம் கைதட்டிக் கிளப்புவதுதானா பெரிய பிரச்சினை?

தள்ளாடிச்சந்தி எழுதியது:

அது பெரிய பேச்சு, தனியாக நடக்க வேண்டியது. தம்பபவனி என்ற பெயரில் 2020 டிசெம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் முப்பது கோபுரங்கள் இயங்கத் தொடங்கின. அதற்குப் பிறகு வந்த திட்டங்களை எதிர்த்து ஊர்மக்கள் வீதியில் இறங்கியதும் உங்களுக்குத் தெரியும். மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்கோடி நமது தீவு. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்திவிட்ட ஒரு கடற்காகம் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை போனது. அப்படிப்பட்ட பாதையில் எதை எங்கே நடுவது என்பதை யோசித்துத்தான் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் கோபுரத்தை நிறுத்தும் அதிகாரம் இந்த இழையில் யாரிடமும் இல்லை. கைதட்டாமல் இருக்கும் அதிகாரம் எல்லாரிடமும் இருக்கிறது. ஆகவே தங்கச்சி கேட்டதற்கே திரும்புகிறேன்.

கோட்டையிலிருந்து தலைமன்னார் றெயிலில் வாருங்கள். 1990இல் போரால் நின்றுபோன சேவை 2015இல்தான் தலைமன்னார் வரை மீண்டும் ஓடத் தொடங்கியது. தண்டவாளமும் தாம்போதி வழியாகவே போவதால், அப்பாவை ஜன்னலோரம் இருத்தினால் மன்னாரில் இறங்கும் முன்பே பாதிப் பறவைகளைப் பார்த்துவிடுவார். ஊரில் ஒரு முச்சக்கரவண்டியைக் காலை மூன்று மணி நேரத்துக்குப் பேசிக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர் ஒருவருக்குக் காசு போவதும் நல்லதுதானே. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நில்லுங்கள். பறவைகள் தலை நிமிர்த்தி ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் நீங்கள் தேவைக்கு மேல் கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். அங்கிருந்து பின்னால் வாருங்கள். சேற்றில் இறங்க வேண்டாம், மேலே காய்ந்து கிடக்கும் இடங்களிலும் முழங்கால் வரை புதையும். அப்பாவுக்கு ஒரு மடக்குக் கதிரை. தொப்பி, தண்ணீர்.

நேரம் இருந்தால் கட்டுக்கரைக் குளத்தையும் பாருங்கள். கௌதாரியும் கரிக்குருவியும் மன்னாரில் வீதியோரத்திலேயே கிடைக்கும். கொழும்பில் இருக்கும் நமக்கு அவை இரண்டும் காணக் கிடைக்காதவை.

கடற்கரைவீதி_வாசி எழுதியது:

போய் வந்துவிட்டோம். உங்கள் எல்லாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

பெத்தகானைக்கு ஒரு தடவைதான் போக முடிந்தது, மற்ற ஞாயிறு மழை. மன்னாருக்கு றெயிலில் போனோம். அப்பா புகையிரதத் திணைக்களத்தில் வேலை பார்த்தவர் என்பதை முன்பு சொல்லாமல் விட்டுவிட்டேன். மதவாச்சி தாண்டியதிலிருந்து, தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிறவர்களை ஏற்றிச்சென்ற கப்பல் றெயில் காலத்துக் கதைகள்தான். தாம்போதியில் ஏறியதும் பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி இருந்துவிட்டார்.

முதல் நாள் காலையில் பூநாரை ஒன்றுகூட இல்லை. காற்றோ காற்று. கொண்டுபோன குடை முறிந்தது. முச்சக்கரவண்டி ஓட்டிய ஐயா, "நேற்றுப் பின்னேரம் நின்றவை, பொறுங்கள்" என்று சொல்லிவிட்டு எங்களை வேறு இரண்டு இடங்களுக்குக் கொண்டுபோனார். வாத்துகளைப் பார்த்தோம், அவ்வளவு வாத்துகளை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. நண்டுதின்னியை முதலில் கண்டது அப்பாதான்: கறுப்பும் வெள்ளையுமாக, உடம்புக்குப் பொருந்தாத தடித்த அலகோடு சேற்றில் ஓடி ஓடி நின்றது, ஒரு சின்ன நண்டைப் பிடித்து உதறிக் காலை முறித்து விழுங்கியது. மகன் அதைத் தன் குறிப்பேட்டில் நான்கு வரி எழுதியிருக்கிறான்.

இரண்டாம் நாள் விடியற்காலையில் அவை நின்றன. மகள் அறுபத்துமூன்று என்கிறாள், அப்பா எழுபதுக்கு மேல் என்கிறார். தள்ளாடிச்சந்தி அண்ணா சொன்னபடி வெள்ளைதான். வெளுத்த துணிகளைக் கொடியில் போட்டது போல. மகன் பத்து நிமிடத்தில், "இவ்வளவுதானா அம்மா?" என்று கேட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், எனக்குள்ளும் அந்தக் கேள்வி இருந்தது. கதிரையை விரித்து அப்பாவை இருத்தினோம். தொலைநோக்கி ஒன்றுதான், முறை வைத்துப் பார்த்தோம். பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் அவை ஒரே இடத்தில் காலை மாற்றி மாற்றி மிதித்துச் சேற்றைக் கலக்குவதும், கலங்கிய நீரில் அலகைக் கவிழ்த்து உறிஞ்சுவதும், மிதித்த இடத்தையே சுற்றிச் சுற்றி வருவதும் தெரிந்தன. "மாவு குழைக்கிறது மாதிரி" என்றாள் மகள்.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, ஓரத்தில் நின்ற ஒன்று ஒற்றைக் காலைப் பின்னால் நீட்டி, அதே பக்கத்துச் சிறகை மெதுவாக விரித்து மடித்தது. இரண்டு மூன்று வினாடிகள் இருக்கும். முறை மகளுடையது. அவள் கத்தாமல், தொலைநோக்கியை எடுக்காமல், "அம்மா, சிவப்பு" என்று மட்டும் சொன்னாள். நான் வெறுங்கண்ணால் ஒரு பொட்டாகக் கண்டேன். மகன் அந்த நேரம் வண்டிக்காரரோடு கழுதைகளைப் பார்க்கப் போயிருந்தான். அதற்காகக் கொழும்பு வந்து சேரும் வரை தங்கையோடு பேசவில்லை.

நாங்கள் கிளம்பும்போது ஒரு வெள்ளை வான் வந்து நின்றது, இருவர் இறங்கிச் சேற்றோரம் நடக்கத் தொடங்கினார்கள். நான் என்ன சொல்வதென்று தயங்கிக்கொண்டிருக்கையில், வண்டிக்கார ஐயா போய் அவர்களோடு சிங்களத்தில் ஏதோ பேசினார். அவர்கள் திரும்பி வந்தார்கள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "அந்தச் சேற்றில் போன மாதம் ஒருவருடைய சப்பாத்தும் கமராவும் போனதென்று சொன்னேன்" என்றார். உண்மையா என்று கேட்டதற்குச் சிரித்தார்.

பழைய_விலங்கியல் எழுதியது:

மகனை மாசி கடைசியில் இன்னொரு தடவை கூட்டிப்போங்கள். தங்கையை விட்டுவிட்டு.

வான்காரர்_77 எழுதியது:

படித்தேன். என் விளம்பரத்திலும் அந்த "நிச்சயம்" இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். இன்று காலை எடுத்துவிட்டேன். ஆனால் அந்த வரி வெறுமையாகக் கிடக்கிறது. அதில் என்ன போடுவது?

கமராக்கிறுக்கன் எழுதியது:

ஆளுக்கு ஒரு தொலைநோக்கியும் ஒரு மடக்குக் கதிரையும் தரப்படும் என்று போடுங்கள் அண்ணா. முதல் பயணத்துக்கு நான் வருகிறேன்.